வீடியோ விளையாட்டில் நாட்டம் குறைவது வயதின் இயல்பா, நோயின் அறிகுறியா?

புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் பலர், மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பின்னர், கதவருகே நின்று ஒரு கேள்வி கேட்பதுண்டு. கேட்கலாமா, வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கிவிட்டுக் கடைசியில் கேட்கும் கேள்வி அது. பல வேளைகளில், அவர் வந்த காரணத்தைவிட அக்கேள்வியே முக்கியமானதாக இருக்கும். அவ்வாறு எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை.

நீரிழிவு மறுபரிசோதனைக்கு வந்த 42 வயதுக் கடைக்காரர் ஒருவர் கதவருகே நின்று கேட்டார்: "டாக்டர், முன்னெல்லாம் கடையை அடைச்சுட்டு வந்தா ராத்திரி 12 மணி வரைக்கும் கேம் விளையாடுவேன். இப்ப மகன் 'வாப்பா, வாங்க'ன்னு கூப்பிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல அலுத்துடுது. எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?" மற்றொரு நாள், வளைகுடா நாட்டு வேலையை முடித்துக்கொண்டு கீழக்கரைக்கே திரும்பிவிட்ட 45 வயதுக்காரரை அவருடைய மனைவி அழைத்துவந்தார். கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று தொடங்கியவர், இடையில் மனநிறைவோடு ஒரு செய்தியைச் சொன்னார்: "எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருப்பாங்க. ரெண்டு மாசமா கேமைத் தொடுறதே இல்லை, அல்ஹம்துலில்லாஹ்."

இவ்விருவரும் தனிப்பட்ட எவரையும் குறிப்பவர் அல்லர். பலர் எங்களிடம் கூறியவற்றைத் தொகுத்து நாங்கள் அமைத்துக்கொண்ட உதாரணங்கள். முதலாமவர் அஞ்சினார், இரண்டாமவருடைய குடும்பம் மகிழ்ந்தது. ஆனால் பரிசோதித்துப் பார்த்தால், அஞ்சியவரின் மனம் நலமாகவே இருக்கிறது. எவரைக் குறித்து வீட்டார் மகிழ்ந்தார்களோ, அவருக்கே சிகிச்சை தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டை வீட்டிலிருப்போர் எவ்வாறு கண்டுகொள்வது என்பதை விளக்குவதே எங்கள் நோக்கம்.

விளையாடி வளர்ந்த முதல் தலைமுறை

வீடியோ விளையாட்டு உலகச் சந்தைக்கு வந்து சுமார் அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' விளையாட்டை 1972-இல் வெளியிட்டது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தின் வீட்டு விளையாட்டுக் கருவி 1983-இலும், 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985-இலும் வந்தன. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் வாப்பாவின் பெட்டியிலிருந்து தொலைக்காட்சியோடு இணைக்கும் கேம் பெட்டி ஒன்று வெளிவந்த நாளை இன்றும் நினைவுகூர்வோர் நம் கடற்கரை ஊர்களில் உண்டு. பின்னர் 1997-இல் நோக்கியா கைபேசியில் பாம்பு விளையாட்டு வந்தது. 2018-இல் கைபேசிக்கான பப்ஜி வந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று.

ஆகவே இன்று நாற்பதுகளில் இருப்போரே, சிறுவயது முதல் வீடியோ விளையாட்டோடு வளர்ந்து நடுவயதை அடையும் முதல் தலைமுறையினர். "இந்த வயதில் இது அலுத்துப்போகுமா?" என்று தம் பெற்றோரிடம் கேட்டுத் தெளிய அவர்களுக்கு வழியில்லை. பெற்றோருக்கு அந்த அனுபவமே கிடையாது. முடி நரைத்தால் எவரும் மருத்துவரைத் தேடி ஓடுவதில்லை. வாப்பாவுக்கும் அவருடைய வாப்பாவுக்கும் நரைத்ததை அறிவோம். விளையாட்டு அலுத்துப்போவதற்கோ முன்னுதாரணம் இல்லை. கடைக்காரரின் அச்சத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

முதலில், வயதினால் இயல்பாக நிகழ்பவற்றைப் பார்ப்போம். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்னும் விளையாட்டை ஆடிய 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். திரையில் புதிதாக ஒன்றைக் கண்டு அதற்கேற்பச் செயல்படும் வேகம் 24 வயதளவிலேயே குறையத் தொடங்குகிறது என்பது அம்முடிவு. எனினும் வயது கூடியவர்கள் எளிய உத்திகளைக் கையாண்டு அக்குறையை ஓரளவு ஈடுசெய்தனர் என்பதையும் அவ்வாய்வு கண்டது. நாற்பது வயதில் மகனிடம் தோற்பது நோயன்று.

கண்ணும் கையும் அடுத்தவை. நாற்பதை ஒட்டி அண்மைப் பார்வை மங்கத் தொடங்குகிறது. இதையே வெள்ளெழுத்து என்கிறோம். கைபேசித் திரையின் சிற்றெழுத்துகளை உற்றுநோக்கிக் கண் வலித்து, தலை கனத்து, "கேம் பிடிக்கவில்லை" என்று விட்டுவிடுவோர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது கண்ணாடி. நீரிழிவு நெடுநாள் இருப்போர்க்கு விரல்கள் மடங்கிச் சிக்கிக்கொள்ளுதல், விரல் மரத்துப்போதல், தோள்மூட்டு இறுகுதல் ஆகியவை நேர்வதுண்டு. கை ஒத்துழைக்காதபோது மனமும் விலகிக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. ஆகவே "வயசாயிடுச்சு" என்று தாமே முடிவு கட்டிவிடாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

மூளையிலும் மாற்றம் உண்டு. லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வாளர்கள், வீடியோ விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த 8 ஆண்களின் மூளையைப் படமெடுத்து, அப்போது டோபமின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாகச் சுரப்பதை 1998-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒன்றை நாடவும், அதற்காக முயலவும் நம்மைத் தூண்டுவது டோபமின். அதனை ஏற்கும் அணுக்கூறுகள் இளமைக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. இருபதில் நெஞ்சைப் படபடக்கச் செய்த அதே ஆட்டம் நாற்பதில் அவ்வாறு செய்யாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மனத்தின் கணக்கும் மாறுகிறது

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலறிஞர் லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலமாக எடுத்துரைத்துவரும் கருத்து ஒன்று இங்கே பொருந்தும். வாழ்நாள் இன்னும் நீளமாக இருக்கிறது என்று உணரும்போது மனிதர் புதியவற்றைத் தேடுகின்றனர். எஞ்சிய காலம் அளவானது என்று உணரத் தொடங்கும்போது, மனத்துக்கு நெருக்கமானவர்களையும் பொருளுள்ள செயல்களையும் தேர்ந்துகொள்கின்றனர். கடைக்காரரிடம் நாங்கள் மேலும் விசாரித்தோம். அஸர் தொழுகைக்குப் பின் நண்பர்களோடு கடற்கரையில் அமர்ந்து பேசுவது பிடிக்கிறது. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கிறது. கடையின் கணக்கைக் கணினியில் ஏற்றக் கற்றுக்கொண்டு வருகிறார். அவருடைய நாட்டம் இடம் மாறியிருக்கிறது.

வயதானால் விளையாட்டை விட்டுவிடத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானில் 1930-இல் பிறந்த ஹமாகோ மோரி என்னும் மூதாட்டி, வீடியோ விளையாட்டுக் காணொளிகளை யூடியூபில் வெளியிடுபவருள் உலகில் மிக மூத்தவர் என 2020-இல் கின்னஸ் அமைப்பால் ஏற்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது 90. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் நடந்த ஆய்வொன்றில், 60 முதல் 85 வயதுடையோர் இதற்கென அமைத்த கார் ஓட்டும் விளையாட்டில் ஒரு மாதம் பயிற்சி பெற்றபின், பயிற்சி பெறாத இருபது வயதினரை அந்த ஆட்டத்தில் விஞ்சினர் என 2013-இல் செய்தி வந்தது. எனவே விரும்புவோர் அளவோடு விளையாடலாம்; விட்டுவிட்டோரும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? எங்கள் அனுபவத்தில், குடும்பத்தார் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: விளையாட்டு போன இடத்தில் வேறு எது வந்தது?

ஒரு நாட்டம் போய் மற்றொன்று வந்திருந்தால், அது வாழ்வின் இயல்பான நடை. எதுவுமே வராமல் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால், அங்கே நோய் இருக்கக்கூடும். வளைகுடாவிலிருந்து திரும்பியவரின் மனைவியிடம் இக்கேள்வியைக் கேட்டோம். அவர் சற்று நேரம் யோசித்தார். "கேமை மட்டும் இல்லை டாக்டர். கிரிக்கெட் பார்க்கிறதில்லை. பிள்ளைங்ககூடப் பேச்சு குறைஞ்சுபோச்சு. ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்தா யார்கிட்டயும் நின்னு பேசாம வந்துடுறாங்க. மீன் ஆணம் வச்சாக்கூட ருசியில்லைன்னு தள்ளி வச்சிடுறாங்க" என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்தது. தாம் மகிழ்ந்துகொண்டிருந்த மாற்றம் வேறொன்றின் பகுதி என்பதை அவரே அப்போது உணர்ந்தார்.

முன்பு இன்பம் தந்த எதுவும் இன்பம் தராமற்போவது மனச்சோர்வு நோயின் இரு முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. மற்றொன்று, மனம் தாழ்ந்து கிடத்தல். இவற்றுள் ஒன்றேனும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாள்களில் நீடித்து, அதனோடு தூக்கம், பசி, உடல்வலிமை, கவனம் ஆகியவற்றிலும் மாற்றம் இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். எங்கள் மக்கள், குறிப்பாக ஆண்கள், "மனம் சோர்ந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. வயிறு சரியில்லை, உடம்பெல்லாம் அசதி, தூக்கம் பிடிக்கவில்லை என்றே வருவர். அழுகை இல்லாமலேயே மனச்சோர்வு இருக்கலாம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் அங்கே தனியாக விளையாடவில்லை. வேலை முடிந்து வந்து, ஒரே அறையில் தங்கியிருந்த நால்வரோடு சேர்ந்து ஆடியிருக்கிறார். சிரிப்பும் கேலியுமாகக் கழிந்த அந்த இரவுகளே அவருக்கு அங்கே குடும்பம். இப்போது அந்த நால்வரும் நான்கு ஊர்களில் இருக்கின்றனர். அவர் இழந்தது தோழமையை. கூடவே, மாதந்தோறும் பணம் அனுப்பி வீட்டைத் தாங்கியவர் என்னும் இடத்தையும். பிறந்த ஊருக்கே திரும்பியவருக்கும் பிரிவுத்துயர் உண்டு என்பதை வீட்டார் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாட்டத்தைப் பறிக்கும் பிற நோய்கள்

மனச்சோர்வு என்று முடிவு கட்டுமுன் உடலையும் பரிசோதிக்கிறோம். தைராய்டு சுரப்புக் குறைந்தால் அசதி, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மந்தம் ஆகியவற்றோடு எதிலும் நாட்டமின்மை தோன்றும். எளிய இரத்தப் பரிசோதனையால் இதை அறியலாம். இரத்தசோகையும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் அவ்வாறே. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோர்க்கு பி12 குறைய வாய்ப்புண்டு. உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத்தடையும் உள்ளவர் பகலெல்லாம் சோர்ந்திருப்பார். சில தூக்க மாத்திரைகளும் மதுவும் மனத்தை மழுங்கச் செய்யும்.

நாட்பட்ட நோயுள்ளவர்களின் குடும்பத்தார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இருமடங்கு. மாரடைப்பிலிருந்து மீண்டோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது ஏற்படுகிறது. பக்கவாதத்திற்குப் பின்னும் நேரும். இவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதும், நடைப்பயிற்சி செய்வதும் மனச்சோர்வினால் தடைப்படுவதால், மூலநோயும் மோசமாகிறது.

அறுபதைக் கடந்தவர் எதிலும் நாட்டமின்றி, ஆனால் அதற்காக வருத்தமும் இன்றி, சும்மா அமர்ந்தே இருந்தால் வேறு வகையில் சிந்திக்கிறோம். மறதிநோயும் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதமும் தொடக்கத்தில் இவ்வாறு தோன்றக்கூடும். நடை மெதுவாதல், எழுத்து சிறுத்துப்போதல், கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்டல், பழகிய தெருவில் வழி தடுமாறுதல் ஆகியவை உடனிருந்தால் அவற்றைக் குறித்துவைத்து எங்களிடம் கூறுங்கள்.

நாட்டம் போன பின்னும் கை விடாதபோது

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. "எனக்கு அதில் மகிழ்ச்சியே இல்லை டாக்டர், ஆனாலும் விட முடியவில்லை" என்று கூறுவோர் இருக்கின்றனர். விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு, பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் அதை நோயென உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஐசிடி-11 நோய்ப்பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கென 2014 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது.

இத்தகையோரிடமிருந்து கைபேசியைப் பறித்து உடைப்பதால் பயனில்லை. பலருக்கு அடியில் மனச்சோர்வோ, பதற்றமோ, தனிமையோ இருக்கும். அதற்குச் சிகிச்சை அளித்தால்தான் பிடி தளரும். பணம் வைத்து ஆடிக் கடன்பட்டிருந்தால், கடனை மறைத்துவைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். தயங்காமல் வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை

மனநோய் என்றதும் ஒளித்துவைப்பது இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதன் விலை என்ன என்பதை இந்தக் கடற்கரை அறியும். அருகிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் அதனைத் தானாக முன்வந்து விசாரித்தது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. பிரார்த்தனை செய்வதை நாங்கள் ஒருபோதும் தடுப்பதில்லை. பலருக்கு அது பெரும் ஆறுதல். துஆவும் மருந்தும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல. மருந்தைத் தள்ளிப்போடாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வீட்டில் ஒருவர் விளையாட்டையோ வேறு பொழுதுபோக்கையோ விட்டுவிட்டால், "நல்லது, தொலைந்தது" என்றும் சொல்ல வேண்டாம்; "ஏன் இப்படி ஆகிவிட்டாய்?" என்று குடையவும் வேண்டாம். "இப்போது எது பிடிக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்தாமல், சிறு செயல் ஒன்றுக்கு உடன் அழையுங்கள். மாலையில் கடற்கரை வரை நடப்பது, மீன் வாங்கச் செல்வது, பழைய நண்பரைக் கைபேசியில் அழைத்துப் பேசுவது என எதுவாயினும் சரி. மனச்சோர்வில், நாட்டம் வந்தபின் செயலில் இறங்கலாம் என்று காத்திருந்தால் நாட்டம் வருவதில்லை. சிறிய அளவில் செயலைத் தொடங்கினால் நாட்டம் பின்னால் மெல்ல வருகிறது. இதைச் சிகிச்சை முறையாகவே நாங்கள் பயன்படுத்துகிறோம்.

மருந்து எழுதித் தந்தால், பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும் என்பதை அறிந்திருங்கள். முதல் வாரத்தில் மாற்றமில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர். நலமடைந்த பின்னும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதாயின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே நிறுத்த வேண்டும்.

எப்போது தாமதிக்கக் கூடாது

வாழ்வதில் பொருளில்லை, நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்பன போன்ற சொற்களைக் கேட்டால், அல்லது ஒருவர் திடீரெனத் தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அது வளராது. கேட்பது பாதுகாப்பே தரும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கடைக்காரருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது, நீரிழிவு மாத்திரைகளைத் தவிர, ஒரு கண் பரிசோதனைச் சீட்டு மட்டுமே. ஊர் திரும்பியவருக்கு இரத்தப் பரிசோதனைகளில் குறையொன்றும் இல்லை. மனச்சோர்வுக்கான மருந்தும் ஆலோசனையும் தொடங்கினோம். ஆறாவது வாரத்தில் வந்த அவருடைய மனைவி, கணவர் முந்தைய நாள் இரவு பழைய அறைத்தோழர்களோடு கைபேசியில் ஒரு மணி நேரம் கேம் விளையாடினார் என்றும், அடுத்த அறைவரை சிரிப்புக் கேட்டது என்றும் கூறினார். இம்முறை அவர் மகிழ்ந்தது சரியான காரணத்திற்காகவே.